மல்லாந்து படுத்தால் ஜொள்ளு நிற்கும், சரி. மூச்சு?

திருவொற்றியூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 43. டிரெய்லர் ஓட்டுகிறார். மணலி, மாதவரம் யார்டுகளிலிருந்து துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றிப் போகிற வேலை, பெரும்பாலும் ராத்திரியில். அவரை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

இரண்டு வருடமாகத் தூக்கத்தில் வாயிலிருந்து எச்சில் ஒழுகுகிறது. காலையில் தலையணை உறையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம், காய்ந்தால் மஞ்சள் விளிம்பு கட்டிய கறை. மாமியார் வீட்டுக்குப் போனால் தலையணைமேல் துண்டை விரித்துப் படுக்கிறார். விடிவதற்குள் எழுந்து துண்டைச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிடுகிறார். யார்டில் பையன்கள் 'ஜொள்ளு பார்ட்டி' என்று பெயரே வைத்துவிட்டார்களாம். அம்மா இது வயிற்றுப்பூச்சி என்கிறார். வேப்பங்கொழுந்தை அரைத்து மோரில் கலக்கிக் குடித்தாயிற்று, மருந்துக் கடையில் பூச்சி மாத்திரை நாலு முறை வாங்கிப் போட்டாயிற்று. அவருடைய பயமோ வேறு. அப்பாவுக்கு 58 வயதில் பக்கவாதம் வந்து, கடைசி வரைக்கும் வாயின் ஒரு ஓரத்தில் எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்ததாம். "எனக்கும் அதுதான் ஆரம்பிக்கிறதா டாக்டர்? எச்சிலை நிறுத்த ஒரு மாத்திரை எழுதிக் கொடுங்கள்" என்று கேட்கிறார்.

நடுநடுவே வேறு சில விஷயங்களும் வருகின்றன. சின்ன வயதிலிருந்தே மூக்கடைப்பு. எட்டு மாதமாகத் தினமும் மூக்கில் சொட்டு மருந்து. மல்லாந்து படுத்தால் எச்சில் ஒழுகாது என்று போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு ஆறு மாதமாக அப்படியே படுக்கிறார். ஒழுகுவது குறைந்திருக்கிறது. ஆனால் குறட்டை 'விசைப்படகு இன்ஜின் மாதிரி' கேட்கிறது என்று மனைவி பிள்ளைகளோடு ஹாலுக்குப் போய்விட்டார். எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரி வரிசையில் நிற்கும்போது இரண்டு முறை அப்படியே தூங்கிவிட்டார், பின்னால் ஹாரன் அடித்துத்தான் எழுப்பினார்கள்.

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எச்சிலுக்கு மூன்று பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். ஸ்டியரிங் பிடித்தபடி தூங்கிப்போனதை இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள். முப்பது வருடமாக வண்ணாரப்பேட்டைப் பக்கம் காது மூக்கு தொண்டை பார்க்கிறவன் நான். எனக்கு அந்த இரண்டு வரிதான் தூக்கிவாரிப் போட்டது. அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எதுவும் காதில் ஏறாது.

அப்பாவுக்கு வந்தது வேறு

பக்கவாதத்தில் முகத்தின் ஒரு பக்கத் தசை வேலை செய்யாது. உதடு சரியாக மூடாது, விழுங்குவதும் தடுமாறும். அதனால் எச்சில் விழித்திருக்கும்போதும் வழியும், எப்போதும் அதே ஓரத்திலிருந்து வழியும். உங்களுக்குத் தூக்கத்தில் மட்டும்தான். இடது பக்கம் படுத்தால் இடது கன்னம், வலது பக்கம் படுத்தால் வலது கன்னம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் பள்ளத்தைப் பார்த்து ஓடுகிறது, அவ்வளவுதான். இன்றைக்கே கண்ணாடி முன்னால் நின்று பல்லைக் காட்டிச் சிரியுங்கள், கன்னத்தை உப்புங்கள், விசில் அடியுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அசைந்தால் அந்த முகத்தில் வாதம் இல்லை.

ஆனால் இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் விழுவது, பேச்சு குழறுவது, இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே 108. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைத்திருக்கும் கட்டியைக் கரைக்கும் ஊசி நான்கரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். புறா ரத்தம் தேய்க்க ஆள் தேடி அந்த நேரத்தைத் தொலைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவசரமில்லாத இன்னொரு வகையும் உண்டு. பகலிலும் எச்சில் வழிகிறது, தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது, கை நடுங்குகிறது, நடை சின்னச் சின்ன அடியாகிவிட்டது என்றால் நரம்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்களிடம் இவை எதுவும் இல்லை.

அம்மா சொல்லும் பூச்சி விஷயம். நாலு முறை மாத்திரை போட்டும் ஒழுகல் நிற்கவில்லை என்பதே அதற்குப் பதில். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்களே, அதே அல்பெண்டசோல்தான் நீங்கள் போட்டதும். குடற்புழுவுக்கு நல்ல மருந்து. மூக்கடைப்புக்கு அது என்ன செய்யும்? அம்மாவோடு சண்டை போட வேண்டாம், ஐந்தாவது மாத்திரையும் வேண்டாம்.

எச்சில் அதிகமாகவில்லை, வாய் திறந்திருக்கிறது

எல்லோருக்கும் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கிறது. பகலில் நினைக்காமலேயே விழுங்கிக்கொண்டே இருக்கிறோம். தூங்கும்போது சுரப்பு வெகுவாகக் குறைந்துவிடும், விழுங்குவதும் மணிக்குச் சில தடவைதான். வாய் மூடியிருந்தால் அந்தக் கொஞ்ச எச்சில் உள்ளேயே தேங்கி நிற்கும். வாய் திறந்து, முகம் பக்கவாட்டில் சாய்ந்திருந்தால் தலையணைக்கு வரும். எப்போதாவது, அலுத்துப்போய் குப்புறப் படுத்த ராத்திரியில் இது யாருக்கும் நடக்கும். அதற்கு வைத்தியம் தேவையில்லை, துண்டு போதும்.

உங்களுக்குத் தினமும் வாய் திறந்திருக்கிறது. ஏன் என்பதுதான் கேள்வி. மூக்கு வேலை செய்யாத வீட்டில் வாய் வாசல்கதவாகிவிடும்.

ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். குளிர்ந்த எவர்சில்வர் கரண்டியின் காம்பை மூக்குக்குக் கீழே படுக்கைவாட்டில் பிடித்து, வாயை மூடி மெதுவாக மூச்சு விடுங்கள். இரண்டு பக்கமும் ஆவி படிய வேண்டும். ஒரு பக்கம் ரூபாய் நாணயம் அளவுக்கும், மறுபக்கம் மிளகு அளவுக்கும் படிந்தால் எந்தப் பக்கம் அடைப்பு என்று தெரிந்துவிடும். மூக்கு இயல்பாகவே மாற்றி மாற்றிக் கொஞ்சம் அடைத்துத் திறக்கும், அதனால் மூன்று நான்கு நேரத்தில் பாருங்கள். எப்போது பார்த்தாலும் ஒரே பக்கம் மூடியிருந்தால், மூக்கை இரண்டாகப் பிரிக்கும் நடுத்தண்டு வளைந்திருக்கலாம்.

பல வருடத்துக்கு முன்னால் ஒரு மருத்துவர் 'சதை வளர்ந்திருக்கிறது, ஆபரேஷன்' என்று சொன்னதும் பயந்து வந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த 'சதை' என்ற சொல்லால் வரும் குழப்பம் கொஞ்சமல்ல. எங்கள் ஆட்கள் மூன்று வேறு விஷயங்களுக்கு அதே சொல்லைச் சொல்கிறோம். ஒன்று, மூக்கின் பக்கச்சுவரில் எல்லோருக்கும் இருக்கிற மடிப்பு. தூசி, புகை, ஒவ்வாமையால் வீங்கி வழியை அடைக்கும். இரண்டாவது, உரித்த திராட்சை மாதிரி வெளிறித் தொங்கும் பாலிப். மூன்றாவது, குழந்தைகளுக்கு மூக்கின் பின்பக்கம் வளரும் அடினாய்டு. முதல் வகைக்குப் பெரும்பாலும் மருந்தே போதும். உங்களுக்குச் சொன்னது எதுவென்று எனக்குத் தெரியாது, உள்ளே பார்த்தால்தான் தெரியும். ஆனால் மணலி ரோட்டுத் தூசியும், கேபினுக்குள் கதவை மூடிக்கொண்டு ஏற்றுகிற கொசுவத்தியும் சேர்ந்தால் முதல் வகைக்கு வேறு காரணம் தேட வேண்டாம். கொசுவத்தியை இன்றைக்கே நிறுத்திவிட்டு, ஜன்னலுக்கு வலை கட்டுங்கள்.

அந்தச் சொட்டு மருந்தைப் பற்றி. நீங்கள் எழுதியிருக்கும் சைலோமெட்டாசோலின் ஐந்து நாள், மிஞ்சினால் ஏழு நாள் போடுகிற மருந்து. போட்டதும் மூக்கு 'பளிச்' என்று திறக்கும். அதைத் தாண்டிப் போட்டால் மருந்து இறங்கியதும் முன்னைவிட அதிகமாக வீங்கும், மறுபடி சொட்டு, மறுபடி வீக்கம். எட்டு மாதமாக உங்கள் மூக்கை அடைப்பதில் அந்த பாட்டிலுக்கும் பங்கு இருக்கிறது. ஒரேயடியாக விட்டால் ஒரு வாரம் நரகமாக இருக்கும். அதனால் மருத்துவரிடம் சொல்லி, மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே ஆரம்பித்துக்கொண்டு, முதலில் ஒரு பக்கமும் அடுத்து மறுபக்கமுமாக விடுங்கள். ஸ்ப்ரே உடனே வேலை காட்டாது, முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம். பாதி ஆட்கள் மூன்றாவது நாளே 'இது வேஸ்ட்' என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். இடது மூக்குக்கு வலது கை, வலது மூக்குக்கு இடது கை; முனை நடுத்தண்டைப் பார்க்காமல் அந்தப் பக்கத்துக் காதைப் பார்க்க வேண்டும். வண்டி ஓட்டி முடித்ததும் உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவினால் தூசி போகும். ஒரு டம்ளருக்குக் கால் தேக்கரண்டி உப்பு. தண்ணீர் கட்டாயம் கொதிக்கவைத்து ஆறியதாக இருக்க வேண்டும், குழாய்த் தண்ணீரை நேராக மூக்கில் விடக் கூடாது.

மல்லாந்து படுத்ததில் என்ன ஆயிற்று

இப்போது அந்த இரண்டு வரிக்கு வருகிறேன். மல்லாந்து படுத்ததும் எச்சில் வெளியே ஒழுகாமல் தொண்டைக்குப் போனது, நீங்களும் ஜெயித்துவிட்டதாக நினைத்தீர்கள். ஆனால் அப்படிப் படுக்கும்போது நாக்கும் உள்நாக்கும் பின்னால் சரிந்து மூச்சுவழியைக் குறுக்கும். குறட்டை என்பது அந்தக் குறுகிய வழியில் காற்று அடித்துக்கொள்ளும் சத்தம். உங்கள் மனைவி சொன்னதில் முக்கியமானது இன்ஜின் சத்தம் அல்ல. 'நடுவுல சத்தமே நின்னுடும், அப்புறம் திடுக்குனு மூச்சு வாங்கி எழுந்துக்குவாரு' என்று சொல்லியிருக்கிறாரே, அதுதான்.

அது தூக்கத்தில் மூச்சடைப்பு நோயாக இருக்கலாம், ஸ்லீப் ஆப்னியா என்பார்கள். வழி முழுதாக மூடி, பத்து விநாடிக்கு மேல் மூச்சு நிற்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், மூளை பதறி எழுப்பிவிடும், மறுபடி தூங்குவீர்கள், மறுபடி நிற்கும். ராத்திரி முழுக்க இப்படி நடந்தும் காலையில் ஞாபகம் இருக்காது. எட்டு மணி நேரம் படுத்தும் தூங்காத உடம்போடு போய் நாற்பதடிப் பெட்டியை இழுக்கிறீர்கள்.

அதனால் முதல் வேலை, இன்று ராத்திரியிலிருந்து பக்கவாட்டில் படுங்கள். எச்சில் ஒழுகட்டும். நனைந்த தலையணை துவைத்தால் போய்விடும். அடுத்தது, பெரியவள் போனில் அப்பா தூங்குவதை அரை மணி நேரம் வீடியோ எடுக்கட்டும். மருத்துவரிடம் நீங்கள் பத்து நிமிடம் பேசுவதைவிட அது அதிகம் சொல்லும். கழுத்துச் சுற்றளவை டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள், 40 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் சந்தேகம் கூடும். ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். இந்த நோயைக் கவனிக்காமல் விட்டால் அழுத்தம் ஏறும், பக்கவாதத்துக்கான வாய்ப்பும் ஏறும். அப்பாவும் பெரிய குறட்டைக்காரர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடைய நோய்க்கு அதுதான் காரணம் என்று நான் இப்போது சொல்ல முடியாது. ஆனால் அவரை நினைத்துப் பயப்படுவதென்றால், தலையணையை விட்டுவிட்டுக் குறட்டையைப் பார்த்துப் பயப்படுங்கள்.

வாயில் டேப் ஒட்டிக்கொண்டு தூங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள், அதுவும் வீடியோ உபயம்தான். வேண்டாம். மூக்கடைப்பு உள்ளவர் திறந்திருக்கும் ஒரே கதவையும் சாத்துவது அது.

நீங்கள் கேட்ட மாத்திரையும் வேண்டாம். எச்சிலை வற்றச் செய்யும் மருந்துகள் இருக்கின்றன. பகலெல்லாம் துணி நனைய ஒழுகும் நரம்பு நோயாளிகளுக்குக் கொடுப்போம். வாய் வறளும், பல் சொத்தையாகும், மலச்சிக்கல் வரும், கண் மங்கலாம், வியர்வை குறையும். மே மாத வெயிலில் கேபினில் உட்காருகிறவருக்கு இது தேவையா? (இடையில் மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. மனநல மருந்தான குளோசபின், மறதி நோய்க்குத் தரும் டோனெபெசில் போன்றவை எச்சிலைக் கூட்டும். அப்படி இருந்தால் எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.)

எங்கே போவது, வேலை போய்விடுமா

உங்களுக்குப் பக்கம் ஸ்டான்லி அரசு மருத்துவமனை. காலையிலேயே போய் ஓபி சீட்டு வாங்கி, காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். மூக்கடைப்பு என்று மட்டும் சொன்னால் மூக்கோடு முடிந்துவிடும். 'ஓட்டுநர், குறட்டை, வண்டியில் தூங்கிவிடுகிறேன்' என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் தூக்கப் பரிசோதனைக்கு வழி காட்டுவார்கள். விரலில், மார்பில், மூக்கில் கருவிகளை மாட்டி, மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபடுகிறது என்று எண்ணுவார்கள். ஐந்துக்குக் கீழே என்றால் பயமில்லை. 15 தாண்டினால் நடுத்தரம், 30 தாண்டினால் கடுமை. கடுமையாக இருந்தால் தூங்கும்போது முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தரும் சிபேப் என்ற இயந்திரம் இருக்கிறது. விலை கொஞ்சம் அதிகம்தான், வாடகைக்கும் கிடைக்கிறது. முதல் வாரம் யாருக்கும் பிடிக்காது, பழகியவர்கள் அதை விடமாட்டார்கள். உடம்பு எடை குறைந்தாலும் நல்ல பலன் உண்டு. வாரத்தில் இரண்டு நாள் குவார்ட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். குடித்துவிட்டுப் படுத்தால் தொண்டைத் தசை இன்னும் தளரும். அந்த இரண்டு ராத்திரியில்தான் குறட்டை அதிகம் என்று உங்கள் மனைவி சொல்வார், கேட்டுப் பாருங்கள்.

'முதலாளிக்குத் தெரிந்தால் வண்டியைப் பிடுங்கிவிடுவார்' என்கிறீர்கள். உங்கள் உடம்பைப் பற்றி மருத்துவரிடம் சொன்னது அவரோடு இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் தொழில் நெறி. அடுத்தவர் உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் மட்டுமே அதற்கு விதிவிலக்கு. எந்த மருத்துவரும் உங்கள் யார்டுக்குப் போன் போடப் போவதில்லை. ஆனால் சிகிச்சை தொடங்கும்வரை ராத்திரி லோடு எடுக்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். நோய்ப் பெயர் சொல்ல வேண்டாம், 'டாக்டர் ஒரு மாதம் ராத்திரி வண்டி வேண்டாம் என்கிறார்' என்று கேளுங்கள். வருமானம் குறையும், தெரியும். வரிசையில் தூங்கினால் ஹாரன் எழுப்பும். ஓடுகிற வண்டியில் தூங்கினால் எதிரே வருகிற ஷேர் ஆட்டோவில் ஒன்பது பேர் இருப்பார்கள். பகலிலும் கண் சொக்கினால் ஓரம் கட்டி இருபது நிமிடம் தூங்குங்கள். ஜன்னலைத் திறப்பதும் பாட்டை அலற விடுவதும் சில நிமிடத்துக்குத்தான் தாங்கும்.

அப்புறம் அந்த மாவா

தூக்கம் வராமல் இருக்க, பாக்கும் புகையிலையும் கலந்த மாவாவை வாயில் அடக்கிக்கொள்வதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். சில நாள் அப்படியே தூங்கிவிடுவதாகவும். தடை செய்யப்பட்ட சரக்குதான், நம்ம பக்கம் எங்கே கிடைக்கும் என்று எனக்கும் தெரியும், அதை விடுங்கள். புகையிலை வாயில் இருக்கும்வரை எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். தலையணையில் பழுப்புக் கறை தெரிந்த நாட்களுக்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். அதைவிடப் பெரிய விஷயம் கன்னம். உங்கள் மூன்று விரலை நெட்டுக்குத்தாக அடுக்கி வாய்க்குள் விட்டுப் பாருங்கள். நுழையாவிட்டால் பாக்கும் புகையிலையும் கன்னத்தை இறுக்க ஆரம்பித்துவிட்டன. காரம் பட்டால் எரிவது, வெள்ளைத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், இவற்றில் எது இருந்தாலும் அதே சீட்டில் வாயையும் காட்டுங்கள். புற்றுநோய் ஆரம்பிக்கும் இடம் அது.

ராத்திரி பதினொரு மணிக்கு அத்தோவோ (பர்மா நூடுல்ஸ்) பரோட்டாவோ சாப்பிட்டு உடனே படுப்பதும் ஒரு காரணம்தான். அமிலம் மேலே வந்தால் அதைக் கழுவ எச்சில் அதிகம் சுரக்கும். நெஞ்செரிச்சல், காலையில் புளித்த வாய் உண்டென்றால் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இரண்டு மூன்று மணி இடைவெளி விடுங்கள், இடது பக்கம் படுங்கள்.

கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள், ஆறு வயதுச் சின்னவனும் 'என்னை மாதிரியே' வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டு, தலையணையை நனைக்கிறான் என்று. அதைப் பெருமையாக எழுதினீர்களா, கவலையாக எழுதினீர்களா என்று தெரியவில்லை. அவனுக்கு அடினாய்டாக இருக்கலாம். டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறானா, கூப்பிட்டால் திரும்பாமல் இருக்கிறானா என்று கவனியுங்கள். அடினாய்டு காதையும் அடைக்கும், டீச்சர் அதைக் கவனக்குறைவு என்று எழுதி அனுப்புவார். அவனுக்கும் ஒரு சீட்டு வாங்கி, நீங்கள் போகிற அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். காலையில் பள்ளிக்கூடம் ஒரு நாள் போனால் போகட்டும்.